இரண்டு தலை ராணியும் நீளக்கை ரவிக்கையும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். ஆனால் உன் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து இந்த லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கும் சுகமில்லை. பலகாரம் சுடுவதா, வேன் பிடிப்பதா, யார் யார் வருவது என்று ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டு சந்தோஷமாகத் திரிகிறார்கள். கடிதத்தை வழக்கம்போல் உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பெண் வீட்டார் நுவரெலியாக் கடைவீதியில் பெயரெடுத்த துணிக்கடைக்காரர்கள், கோயிலில் தாலி கட்டு, பிறகு அவர்கள் வீட்டில் விருந்து என்பதெல்லாம் வரை குரல் நன்றாகவே வந்தது. கடைசி வரியில்தான் சிக்கிக்கொண்டேன். "நுவரெலியாவில் குளிர் அதிகம். அம்மாவை மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை தைத்துப் போட்டுவரச் சொல்லுங்கள்." தம்பி, டிக்கோயா மலையில் விடிகாலைப் பனியில் இருபத்தைந்து வருஷம் தேயிலைக் கொழுந்தெடுத்தவளுக்கா நீ குளிரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறாய்?

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். "புள்ளைக்கு வெக்கமா இருக்கும்ல. பெரிய எடத்துச் சம்பந்தம். தைச்சுப்புடுவோங்க" என்றாள். மறுநாளே ஹட்டனுக்குப் பஸ் ஏறி, தையல்காரரிடம் அளவு கொடுத்துவிட்டு வந்தாள். ரவிக்கை இப்போது வீட்டில் மடித்து இருக்கிறது. நல்ல துணி, நல்ல தையல், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அவள் கையில் குத்தியிருக்கும் பச்சை எப்படி வந்தது என்ற கதையை உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. சொன்னால் அதில் திருடனும் நானே, மடையனும் நானே. அதனால் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். கல்யாண வேலைக்கு நடுவே உனக்கு நேரமிருக்காது என்று தெரியும். இருந்தாலும் உட்கார்ந்து படி.

உனக்கு நாலு வயது அப்போது. நான் தோட்டத்துத் துரையின் பெரிய பங்களாவில் அப்புவாக இருந்தேன். மேசை போடுவது, தேத்தண்ணி கொண்டுபோவது, வெள்ளிச் சாமான் துலக்குவது என் வேலை. துரை அதிகம் பேசமாட்டார். அவர் மனைவி தொரசாணியம்மா அப்படியில்லை. அவர் பிறந்தது சீமையில் அல்ல. பசிபிக் கடலில் எங்கோ ஒரு தீவில். அவருடைய அப்பா அங்கே கப்பல் வியாபாரி. பதினாறு வயது வரை அந்தத் தீவுப் பிள்ளைகளோடு மண்ணில் புரண்டு வளர்ந்தவர் என்பதால் மற்ற தொரசாணிமார் அவரைக் கொஞ்சம் ஒருமாதிரியாகத்தான் பார்த்தார்கள். கல்யாணமாகி வரும்போது அப்பா கொடுத்த ஒரு சீட்டுக்கட்டு அவரிடம் இருந்தது. அதை விளையாட எடுக்கவே மாட்டார். கணப்படுப்புக்கு மேலே ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். நான் தூசி தட்டும்போது திறந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு இருந்த இடத்தில் வைப்பேன்.

நம் ஆட்கள் தீபாவளிக்கு முந்நூற்று நாலு ஆடுகிற சீட்டைப் பார்த்திருக்கிறாய். ராஜா என்றால் தாடி வைத்த வெள்ளைக்காரன், ராணி என்றால் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரி. இந்தக் கட்டில் அப்படியில்லை. ராஜா கறுத்த மனிதர். நெற்றியிலிருந்து தாடை வரை முகமெல்லாம் சுருள் சுருளாகப் பச்சை. ஜாக்கி, துடுப்புப் பிடித்த இளவட்டம். இஸ்பேட் ஆஸில் கண்ணை உருட்டி, நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் மரச்சிலை. அதை முதலில் பார்த்தபோது நம் முனியாண்டிதான் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சீட்டுகளின் முதுகில் பழுப்பும் கறுப்புமாக முக்கோணம், மீன்பல், இலை என்று கட்டம் கட்டமாகக் கோலம். மரப்பட்டையை ஊறவைத்து, பெண்கள் கூடி உட்கார்ந்து தட்டித் தட்டித் துணியாக்கி, அதில் எழுதும் கோலமாம் அது. ஒருநாள் நான் திருட்டுத்தனமாகப் பார்ப்பதைத் தொரசாணியம்மாவே பார்த்துவிட்டு, கோபிக்காமல் பக்கத்தில் நின்று சொன்னதுதான் இதெல்லாம். "படம் போட்டவன் முட்டாள், அப்பு. ஒரு தீவு ராஜா முகம், வேறே தீவு மாலை. ரெண்டும் தூரம், ரொம்பத் தூரம்" என்று அவருடைய தமிழில் குறைப்பட்டுக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கத்து உடப்புசல்லாவைக்காரனையும் இந்தப் பக்கத்து ஹட்டன்காரனையும் ஒரே ஆள் என்று எழுதிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருந்ததால் எனக்கு அந்தக் கோபம் விளங்கியது.

எனக்குப் பிடித்தது டைமன் ராணி. தலையில் பூச்சுற்று, காதோரம் ஒரு வெள்ளைப் பூ, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மீன்பல்லும் இலையுமாகப் பச்சை. சும்மா சொல்லவில்லை, மூக்கும் முழியும் உன் அம்மாவைப் போலவே இருக்கும். அவளிடம் சொன்னேன். "பங்களாவுல வேல பாக்குறீங்களா, பொம்பள படம் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுப்பை ஊத ஆரம்பித்தாள். ஆனால் மனசில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு ஒரு குறை இருந்தது தம்பி. நம் பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன்னே தாய் பக்கத்தில் இருந்து பச்சை குத்தி வைப்பது வழக்கம். செத்தால் நகை நட்டைக் கழற்றிவிடுவார்கள், பச்சை மட்டும் கூட வரும் என்று ஒரு நம்பிக்கை. உன் அம்மாவின் தாய் இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டதால் குத்திவைக்க ஆளில்லை. மலையில் கொழுந்தெடுக்க நிரையில் நிற்கும்போது மற்றவர்கள் "வெறுங்கைக்காரி" என்று கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் உறைக்கும்.

தோட்டம் தோட்டமாக வந்துபோகும் குறத்தி ஒரு சனிக்கிழமை நம் லயத்துக்கு வந்தாள். கோலம், தேள், மயில் என்று அவளிடம் நாலைந்து மாதிரி இருந்தது. உன் அம்மா எதையும் தொடவில்லை. "நீங்க சொன்ன அந்தப் பொம்பள கையில இருக்கே, அது மாதிரி குத்துவாளா?" என்று என்னிடம் கேட்டாள். கல்யாணமாகி அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் மரப்பெட்டியைத் திறந்தேன். டைமன் ராணியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டிருந்தால் தொரசாணியம்மா கொடுத்திருப்பார். கேட்கத் தோன்றவில்லை. ஞாயிறு மத்தியானத்துக்குள் திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை குறத்தி விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் குழைத்துக்கொண்டு நம் காம்பரா வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். சீட்டைக் கையில் வாங்கி மேலும் கீழும் திருப்பினாள். சீட்டில் ராஜா ராணி படம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். இடுப்புக்கு மேலே ஒரு ஆள், அதே ஆள் தலைகீழாக இன்னொரு பாதி. எப்படிப் பிடித்தாலும் ஒன்று நேராக நிற்கும். குறத்தி தன் வாழ்நாளில் சீட்டுப் பிடித்ததில்லை.

"இதுல எந்தப் பொம்பளய குத்தணும் சாமி? மேல இருக்கவளா, கீழ இருக்கவளா?"

"ரெண்டும் ஒரே பொம்பளதான்" என்றேன்.

"ஒரே பொம்பளக்கி எதுக்கு ரெண்டு தலை?"

எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பங்களாவில் நாலு வருஷம் இருந்த மிதப்பில், "அது அப்படித்தான், இருக்குற மாதிரியே போடு" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினேன். கையிலிருக்கும் மீன்பல் வரிசையை மட்டும் குத்து என்று சொல்ல வேண்டியவன் நான். அதைத்தான் சொல்லவில்லை. குறத்தி சொல் பேச்சுக் கேட்பவள். மணிக்கட்டுப் பக்கம் ஒரு ராணி, முழங்கைப் பக்கம் ஒரு ராணி, இரண்டுக்கும் நடுவே மீன்பல்லும் இலையும், இரண்டு காதிலும் பூ என்று சீட்டில் இருந்ததை இருந்தபடியே குத்தினாள். வலி தெரியாமலிருக்க அவள் பாட, லயத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கூடப் பாட, நீ அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாயாம்.

இரண்டு தலை குத்த இரண்டு மடங்கு நேரம். மத்தியானம் சீட்டு திரும்பி வரவில்லை. அன்றைக்கென்று பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வந்தவர்களில் ஒரு அம்மா தீவுச் சீட்டைப் பார்க்க வேண்டும், அதிலேயே ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே நுழைகிறேன், தொரசாணியம்மா மரப்பெட்டியைத் திறக்கிறார். அவர்கள் ஆடும் ஆட்டத்தில் எல்லாச் சீட்டையும் பங்கிட வேண்டும், ஆளுக்குப் பதின்மூன்று. கடைசி ஆள் கையில் பன்னிரண்டு. மறுபடி பங்கிட்டார்கள். மறுபடியும் பன்னிரண்டு. மேசைக்கடியில் தேடினார்கள், நாயைக்கூட எழுப்பிப் பார்த்தார்கள். என் கையில் பீங்கான் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின. தொரசாணியம்மா நிமிர்ந்து அந்தச் சத்தத்தைப் பார்த்தார்.

"அப்பு. எங்கே?"

"எம் பொஞ்சாதி கையில இருக்குங்க அம்மா" என்றேன். பொய் சொல்ல நினைத்தாலும் எனக்கு வேறு வாக்கியம் வரவில்லை. துரையின் முகம் சிவந்துவிட்டது. வேலை போய்விட்டது, காம்பராவும் போகும், பெண்டாட்டி பிள்ளையோடு எந்தத் தோட்டத்தில் போய்ப் பெயர் பதிவது என்று நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். தொரசாணியம்மா எழுந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, "காட்டு" என்றார்.

பெரிய பங்களாத் தொரசாணி லயத்துக்கு நடந்து வருவதென்றால் என்ன அமளி என்று நினைத்துப் பார். கோழிகள் ஒரு பக்கம், கங்காணி ஒரு பக்கம் என்று ஓடினார்கள். உன் அம்மா கை வீங்கி, மஞ்சள் பூசிக்கொண்டு, உன்னை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவளைத் தடுத்துவிட்டு, தொரசாணியம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கையைப் பிடித்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு சிரித்தார் பார், தம்பி, மலையே திரும்பிப் பார்த்திருக்கும். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உன் அம்மாவுக்கு என்னவென்று தெரியாமலே அவளும் சிரித்தாள். குறத்தி சிரித்தாள், கங்காணி சிரித்தார், கடைசியில் நானும் சிரித்தேன். "எனக்கு ஐம்பத்திரெண்டு சீட்டு இருந்துச்சு. இப்ப ஐம்பத்திமூணு" என்றார் அவர்.

சிரித்து ஓய்ந்த பிறகு, விரலால் மீன்பல் வரிசையைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். அவர் பிறந்த பக்கத்திலும் பச்சை குத்தும்போது சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்து பாடுவார்களாம். சில தீவுகளில் ஒருவர் முகத்திலிருக்கும் கோடுகளைப் பார்த்தே அவர் யார் பிள்ளை, யார் பேரன் என்று சொல்லிவிடலாமாம். இன்னொரு தீவில், கையில் பச்சை இல்லாத பெண்ணை விருந்துக்குச் சமைக்கும் மாவில் கைவைக்கவே விடமாட்டார்களாம். அந்த வருஷம்தான் நாங்கள் பிரஜாவுரிமைக்கு மனு எழுதிக்கொண்டு, அப்பா எங்கே பிறந்தார், தாத்தா எங்கே பிறந்தார் என்று காகிதம் தேடி அலைந்தோம். உன் அம்மா பட்டென்று, "நாமளும் மூஞ்சியில குத்தியிருந்தா காயிதம் கேட்டிருக்க மாட்டாங்கல்ல" என்றாள். அதற்கும் ஒரு சிரிப்பு.

அதன் பிறகு தொரசாணியம்மா சொன்னதுதான் எனக்கு இந்த வாரம் முழுவதும் ஞாபகத்தில் சுற்றுகிறது. வெளியூர்ப் பாதிரிமார் அந்தத் தீவுகளுக்கு வந்து, பச்சை அசிங்கம் என்று சொன்னார்களாம். கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மூடுகிற நீளச் சட்டை தைத்துக் கொடுத்து, கோயிலுக்கு வருகிற பெண்கள் அதைப் போட்டுத்தான் வரவேண்டும் என்றார்களாம். தன்னை வளர்த்த தீவுக்காரக் கிழவி ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டைக்குள் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருப்பாள், வீட்டுக்கு வந்ததும் கையை மடித்துவிட்டுத் தன் பச்சையைத் தடவிப் பார்ப்பாள் என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "சீட்டு படத்தில மட்டும் கை மூடல்ல. அதனாலதான் வச்சிருக்கேன்" என்றார். டைமன் ராணியை வாங்கிக்கொண்டு, என்னிடம் "அடுத்த தரம் கேளு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார். என் வேலை போகவில்லை.

அன்றிலிருந்து உன் அம்மா லயத்துக்கே ராணியக்கா. தீபாவளிக்கு ஆண்கள் சீட்டுப் போடும்போது, "அக்கா, ஒரு வெட்டு வெட்டிக் குடுங்க" என்று சீட்டுக்கட்டை அவளிடம் நீட்டுவார்கள். அவள் வெட்டிக் கொடுத்தால் ராசி என்று பேச்சு. எனக்கு மட்டும் அந்த ராசி ஒருநாளும் வேலை செய்ததில்லை, என் பக்கம் எப்போதும் தோல்விதான். நீ அவள் மடியில் படுத்துக்கொண்டு, உன் பக்கம் நேராகத் தெரியும் ராணிக்கு "என் பொம்மை" என்று பெயர் வைத்தாய். எதிரே உட்காரும் எனக்கு நேராகத் தெரிபவள் "அப்பா பொம்மை". சோறு ஊட்டும்போது இரண்டு பொம்மைக்கும் ஒரு வாய் கொடுத்தால்தான் நீ வாயைத் திறப்பாய். இதை மருமகளிடம் சொல்லிவிடாதே. நானே வந்து சொல்கிறேன்.

கல்யாணத்துக்குப் புத்தி சொல்லாமல் ஒரு தகப்பன் கடிதம் எழுதக் கூடாதாம், அதனால் சொல்கிறேன். உன் பெண்டாட்டி வாய்விட்டு ஒன்று கேட்டால் ஓடிப்போய்ச் செய். ஆனால் என்ன கேட்டாள் என்பதை முழுதாகக் கேட்டுவிட்டு ஓடு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பழகு. இல்லாவிட்டால் உன் அதிகாரத்தை இன்னொருத்தி தன் கையில் ஆயுசுக்கும் சுமக்க வேண்டிவரும். என் நல்லகாலம், உன் அம்மா அதைச் சுமையாக நினைக்கவில்லை. வீக்கம் வடிந்த அன்று கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கேட்டேன், ரெண்டா குடுத்திருக்கீங்க" என்றாள்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். சீட்டைத் திருடியதை நான் குற்றமாகவே நினைக்கவில்லை. இது வேறு. உனக்கு ஆறு வயதில் ஹட்டனில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். தோட்டப் பள்ளிக்கூடம் போதாது, பிள்ளை பெரிதாகப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வாசலில் சட்டை போட்ட மனிதர்கள், குடை பிடித்த அம்மாமார். உன் ஒரு கையை நான் பிடித்திருந்தேன். உன் அம்மாவைப் பார்த்து, "சேலைய இழுத்துக் கைய மூடு. பாத்தா என்ன நினைப்பாங்க" என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய், பிறகு அவள் கையைப் பார்த்தாய். முதல் தடவையாக அந்தக் கையை வேறுமாதிரிப் பார்த்தாய். உள்ளே யாழ்ப்பாணத்து மாஸ்டர் உன் அம்மாவிடம் பெருவிரல் அடையாளம் கேட்டபோது சேலை விலகியது. அவர் பார்த்தார், "நல்ல கைவேலை" என்று மட்டும் சொன்னார். ஆனால் அதற்குள் நீ படிக்க வேண்டியதைப் படித்து முடித்துவிட்டாய். அன்று பள்ளிக்கூட வாசலிலேயே உனக்கு முதல் பாடம் சொன்ன வாத்தியார் நான்தான். அதனால் உன் கடிதத்தின் கடைசி வரிக்காக உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. அது என் கையெழுத்து.

நேற்று மனசு கேட்காமல் அவளிடமே சொல்லிவிட்டேன். அவள் ரவிக்கைக்கு ஊக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்குப் பள்ளிக்கூட வாசல்ல மூடச் சொன்னது தப்பு. நான் சொன்னதுனாலதான் நீ அப்புறம் எங்க போனாலும் கைய மூட ஆரம்பிச்ச. மன்னிச்சிரு. இந்த ரவிக்க வேணாம்" என்றேன்.

ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"நீங்க சொன்னதுக்கா நான் மூடுனேன்? நீங்க சொன்னதுல எத்தனைய நான் கேட்டிருக்கேன்? எம் புள்ள முகம் வாடிச்சு. அதுக்கு மூடுனேன்."

பதினைந்து வருஷமாக அந்தக் குற்றத்தை என் சொத்துபோல் வைத்திருந்தேன். அவள் ஒரே சொல்லில் வாங்கி ஓரமாக வைத்துவிட்டாள். நான் மூடச் சொன்னதால் மூடியிருந்தால், நான் வேண்டாம் என்றதும் திறந்திருப்பாள். அவள் மூடியது உனக்காக. என் சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவளுக்குத் தெரியாது. கல்யாணச் செலவுச் சாமான் பட்டியல் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கல்யாணத்தன்று, ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்குவோம். நீ எழுதியிருந்தபடி மாமனார் மாமியாரோடு எங்களை அழைக்க பஸ் நிலையத்துக்கு வா. அவள் அந்த ரவிக்கையில்தான் வருவாள். நீ ஒன்றும் செய்யாவிட்டாலும் அவளுக்கு மனத்தாங்கல் இருக்காது. அந்தக் கையாலேயே உங்கள் இருவர் தலையிலும் அட்சதை போட்டு, பெண் வீட்டு வாசலில் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டு நிற்பாள். நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். உன் சந்தோஷத்தில் ஒரு இழைகூடக் குறையாமல் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உனக்குச் செய்ய மனசிருந்தால், அன்றைக்கு உன்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலை ஒன்று இருக்கிறது. பஸ்ஸை விட்டு அவள் இறங்கியதும், உன் மாமனார் மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவள் வலது கையைப் பிடித்து, அந்த ரவிக்கைக் கையை நீயே முழங்கை வரை மடித்துவிடு. "வேணாம் ராசா" என்று இழுப்பாள். விடாதே. மணிக்கட்டில் பொத்தான் இரண்டே இரண்டுதான் தம்பி, ஒரு நிமிஷ வேலை.

உன் அப்பா